மணிக்கட்டில் ஒரு துளி

முன்திட்டமில்லாமல் மணிக்கணக்கில் வாசிக்கும் அந்த இசைக்குழுவை இன்றுதான் நேரில் பார்த்தேன். வாசிப்பு உச்சத்துக்குப் போகும்போது கிதார் வாசிக்கும் ஜெரோமின் விரல் கிழிந்து தந்திகளில் ரத்தம் வழியும். அந்த வீடியோக்களைப் பார்த்து அழுதிருக்கிறேன். இன்றும் வழிந்தது. அவன் கையை உதறியதில் ஒரு துளி என் மணிக்கட்டில் விழுந்தது.

“ஏய், கழுவிராதடி!” என்று கத்திய என் தோழி கவிப்ரியா, அதை விரலால் தொட்டுத் தன் கண்களில் ஒற்றிக்கொண்டாள்.

பாட்டு முடிந்தது. ரத்தமென்றால் அதற்குள் கறுத்து உறைந்திருக்க வேண்டும். துளி இன்னும் பளபளத்தது. முகர்ந்தேன். ரோஸ்மில்க் எசென்ஸ் வாசனை.

ஜெரோம் சிவந்த விரலை உயர்த்திக் கேட்டான்: “இன்னும் வேணுமா?”

“வேணும்!” என்று கூட்டம் அலறியது.

வாயில் ஊறிய கசப்பை விழுங்கிவிட்டு நானும் கத்தினேன்.