தலைவர் வீட்டுக்குத் தகரம்

“உயிர் போனாலும் போகட்டும்டி, மானம் போகக் கூடாது. நம்மளோடது கவரிமான் பரம்பரை!”

இந்த வீர முழக்கம் எழுந்த இடம் குளியலறை. உள்ளே தாழ்ப்பாள் போட்டிருந்தது.

வெளியே ஈரக் கையைப் புடவையில் துடைத்தபடி நின்ற மனைவி கதவைத் தட்டினாள். “பரம்பரையை அப்புறம் பேசலாம். கீழே தகரத்தோட வந்து நிக்கிறாங்க. மொதல்ல வெளிய வாங்க.”

தகரம் என்றதும் உள்ளே சத்தம் அடங்கியது.

அந்தக் குடியிருப்பில் தகரம் என்றால் என்னவென்று அவரைவிட நன்றாகத் தெரிந்தவர் கிடையாது. கொள்ளைநோய் பரவத் தொடங்கியதும், குடியிருப்போர் சங்கத் தலைவர் என்ற முறையில் அந்த விதியைக் கொண்டுவந்தவரே அவர்தான். காய்ச்சல் கண்ட வீட்டு வாசலில் குறுக்கே தகரம் அடிக்க வேண்டும். உள்ளே இருப்பவர்கள் இரண்டு வாரம் வெளியே வரக் கூடாது. முதல் மாடி டாக்ஸிக்காரர் வீட்டுக்கு அடித்தபோது, படிக்கட்டில் நின்று சமூகப் பொறுப்பைப் பற்றி அவர் ஆற்றிய உரையில் சுத்தியல் சத்தம்கூடப் பலருக்குக் கேட்கவில்லை.

அப்படிப்பட்டவர் திடீரென்று மாடிப்படி ரோந்தை நிறுத்தினார். ‘உடம்பு சரியில்லை’ என்று சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் ஒரு வரி போட்டுவிட்டு, சன்னல் திரைகளை இழுத்து மூடினார். அவ்வளவுதான். பால்காரர் பாக்கெட்டைக் கீழ்ப்படியிலேயே வைத்துவிட்டு ஓடினார். எதிர் வீட்டுக்காரர் இவர்கள் வீட்டு அழைப்பு மணிக்கே மருந்து தெளித்தார்.

மகள் குளியலறைக் கதவில் நெற்றியை வைத்துக்கொண்டு பேசினாள். “அப்பா, நாளைக்கு நான் மருந்துக் கம்பெனியில சேரணும். தகரம் அடிச்சுட்டா அந்த வேலை வேற ஆளுக்குப் போயிடும். எவ்வளவு அலைஞ்சு கெடச்ச வேலைன்னு உங்களுக்குத் தெரியாதா?”

“தெரியாம இருக்குமாம்மா?” என்றார் உள்ளிருந்து.

“தெரிஞ்சா உண்மையைச் சொல்லித் தொலைங்க,” என்றாள் மனைவி. “உலகத்துல யாருக்கும் வராததா உங்களுக்கு வந்துடுச்சு?”

“என் வாயால சொல்ல மாட்டேன். நீங்க யாராவது சொன்னீங்க, என் பொணத்தைத்தான் பாப்பீங்க!”

மனைவி பால்கனிக்கு ஓடினாள். கீழே சங்கச் செயலாளர், தகரத்தோடு தச்சர், அவர்களுக்குப் பின்னால் வேடிக்கை பார்க்கப் பாதிக் குடியிருப்பு. வாசலில் சுகாதாரத் துறை வேன் வேறு.

“மேடம், தள்ளி நின்னே பேசுங்க!” என்றார் செயலாளர், மூன்றாம் மாடியை அண்ணாந்து பார்த்து.

“அவருக்குக் காய்ச்சல் இல்லீங்க. சத்தியமா இல்ல!”

“டாக்ஸிக்காரர் சம்சாரமும் இதே சத்தியத்தைத்தான் பண்ணாங்க. நம்ம தலைவர் நம்பினாரா? அவரை ரெண்டு நிமிஷம் பால்கனியில வந்து நிக்கச் சொல்லுங்க. ஆளைக் கண்ணால பாத்துட்டா நாங்க பாட்டுக்குப் போயிடறோம்.”

மனைவி உள்ளே திரும்பிக் கெஞ்சினாள். “தலையில ஒரு துண்டைப் போட்டுக்கிட்டாவது வந்து நில்லுங்களேன்.”

“தலையில துண்டா? நான் என்ன திவாலாயிட்டேனா?”

கீழே தச்சர் முகக்கவசத்தை இறக்கி, ஆணிகளை உதட்டில் கவ்விக்கொண்டார்.

அப்போது டாக்ஸிக்காரரின் மனைவி முன்னால் வந்தாள். கூட்டம் தானாக இரண்டாகப் பிளந்தது. அவள் வீட்டுத் தகரத்தைப் பிரித்து எத்தனையோ நாளாகியும் அந்த வழக்கம் மட்டும் போகவில்லை.

“எங்களுக்கு அடிச்சதே போதுங்க. எம் புள்ளைகூட இன்னும் ஒரு கொழந்தை வெளையாட வர மாட்டேங்குது. இன்னொரு வீட்டுக்கு இது வேணாங்க.”

“நீங்க பேசாதீங்கம்மா. பேசினாலே காத்துல வருது,” என்றார் செயலாளர்.

படியில் காலடிச் சத்தம் ஏறி வந்தது. தகரம் சுவரில் உரசியது. நிலையில் முதல் ஆணி இறங்கியது. மகள் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

குளியலறைத் தாழ்ப்பாள் திறந்தது. ஒரு போர்வை வெளியே வந்தது. உச்சி முதல் பாதம் வரை மூடியிருந்த அந்தப் போர்வைக்குள் தலைவர் இருந்தார்.

“நிறுத்துங்க!” என்றது போர்வை. “என் வீட்டுக்குத் தகரம் வேணாம். என் பொண்ணு வேலைக்குப் போகணும். நானே கவர்மென்ட் நோய் முகாமுக்குப் போறேன். என்னைக் கூட்டிட்டுப் போங்க!”

சுத்தியல் அந்தரத்தில் நின்றது. செயலாளர் முதலில் நாலு படி இறங்கினார். பிறகு கண் கலங்கினார். “பெத்த மனசுய்யா! தகரத்தை எடுங்கப்பா.”

யாரோ கைதட்டினார்கள். டாக்ஸிக்காரரின் மனைவி கையெடுத்துக் கும்பிட்டாள்.

“அப்பா, வேணாம்ப்பா!” மகள் பின்னாலேயே ஓடினாள். “அங்க நெசமாவே நோய் உள்ளவங்க இருப்பாங்கப்பா!”

மனைவி வாசலில் நின்று தலையில் அடித்துக்கொண்டாள். துக்கம் தாங்கவில்லை என்று கூட்டம் நினைத்துக்கொண்டது.

வேனுக்குள் கவச உடைப் பணியாளர் காய்ச்சல் பார்க்கும் கருவியை நீட்டினார். “போர்வையை விலக்குங்க சார். நெத்தியில பாக்கணும்.”

“மொதல்ல கதவைச் சாத்துங்க.”

சாத்தினார்கள். போர்வை விலகியது. பணியாளர் கருவியை ஒருமுறைக்கு இருமுறை பார்த்தார். “காய்ச்சலே இல்லையே சார். எதுக்கு வந்தீங்க?”

தலைவர் போர்வையை மறுபடி உச்சந்தலை வரை இழுத்துக்கொண்டார். அவருடைய விக் பழுதுபார்க்கப் போயிருந்தது. கடை ஊரடங்கில் பூட்டிக் கிடந்தது.