ஹபீபா என்றொரு ஃபோல்டர்

"ஃபைல் சேவ் பண்ணும்போது, கடைசியா எடுத்த ஃபோல்டரெல்லாம் வரிசையா வரும்லா அஃப்ஷா? ஒரு வாரமா வரல்ல" என்றாள் ஹபீபா.

தாராவியில் அடுத்த சந்தில் கம்ப்யூட்டர் பழுது பார்ப்பவள் அஃப்ஷா; ஹபீபாவை அக்கா முறையில் லாத்தா என்பாள். "வரலைன்னா என்ன லாத்தா?"

"தினமும் அவங்களுக்கு நாலு வரி எழுதி என் பேர்ல உள்ள ஃபோல்டர்ல போடுவேன். அவங்க பில் சேவ் பண்ணும்போது கண்ணுல படணும்லா?"

"அரே, லவ் லெட்டரா! மச்சானுக்கு நைட் டூட்டியோ? பேசிக்க நேரமில்லையா?"

"பேசி மூணு மாசமாச்சு."

அஃப்ஷா செட்டிங்கைத் திறந்து பார்த்தாள். சிரிப்பு நின்றது. "இது தானா போகல லாத்தா. யாரோ வேணும்னே அணைச்சிருக்காங்க."

உள் அறைக் கதவு திறந்தது. ஹபீபாவின் கணவன் காலித் வந்தான். ஹபீபாவின் பக்கத்தில் மூடி வைத்திருந்த டீயை எடுத்துக்கொண்டான். அவளைப் பார்க்காமலே உள்ளே போய்க் கதவைச் சாத்தினான்.

அஃப்ஷா கதவைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "அப்படியே விட்டுரட்டுமா லாத்தா?"

"இல்ல, மறுபடியும் வர வை" என்றாள் ஹபீபா மெதுவாக. "திரும்ப அணைச்சாங்கன்னா, என் பேரு கண்ணுல பட்டுச்சுன்னாவது தெரியும்லா."