வசனமில்லாத இடங்கள்

மாசிலாமணி சினிமாவில் எடிட்டர். யாரும் பேசாமல் ஓடும் காட்சியைப் பார்த்தாலே அவருக்குக் கை பரபரக்கும். வேண்டாத நேரத்தை உணராமலே தாண்டவைக்கும் ‘கத்திரி’ என்ற கருவியை நகரத்தில் எல்லோரும் மண்டைக்குள் பொருத்திக்கொண்டபோது, மற்றவர்கள் டிராஃபிக்கையும் மெட்ரோ வரிசையையும் மட்டும் வெட்டச் சொன்னார்கள். இவரோ, “யாரும் எங்கிட்ட பேசாத நேரம் மொத்தத்தையும் வெட்டிடுங்க” என்றார்.

அதன்பின் உடம்பு தன்பாட்டுக்குப் பஸ் ஏறியது, சாப்பிட்டது, படுத்தது. யாராவது பேசினால்தான் அவர் விழித்தார். வாழ்க்கை விறுவிறுப்பாக ஓடியது.

மனைவி செண்பகவல்லிக்கு ஒரு வழக்கம். கோபம் வந்தால் பேச்சை நிறுத்திவிடுவாள். அவராக வந்து கேட்கும்வரை வாய் திறக்கமாட்டாள்.

ஒருநாள் காலை, கையில் காபி டம்ளரோடு மாசிலாமணி விழித்தார். எதிரே செண்பகவல்லி.

“ஏழு மாசமா நான் பேசல. ஏன்னு ஒரு வார்த்தை கேக்கத் தோணலையா உங்களுக்கு?”

அவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. “ஏழு மாசமா? ஐயோ செண்பகம், என்ன கோபம் உனக்கு? சொல்லும்மா.”

அவளுடைய உதடு துடித்தது. கண் நிறைந்தது. பேச்சு வரவில்லை.

“சார், கேட்டைச் சாத்திடவா?”

மாசிலாமணி தெருவில் நின்றிருந்தார். பக்கத்தில் வாட்ச்மேன்.

“அம்மா எங்கப்பா?”

“என்ன சார், இப்பதான ஆட்டோ போச்சு? அழுதுகிட்டே ரொம்ப நேரம் உங்க மூஞ்சியவே பாத்துட்டு நின்னாங்க. நீங்கதான பெட்டிய தூக்கி உள்ள வச்சீங்க!”