ஆவிக்குச் சின்னக் குச்சி

சாயங்கால வெயில் சாப்பாட்டு மேசையில் சரிந்து கிடக்கிறது. வேதியியல் டீச்சர் நாளைய வகுப்புக்கு நீர் மூலக்கூறு மாதிரிகள் செய்துகொண்டிருக்கிறாள், ஆவிக்கு ஒன்று, ஐஸுக்கு ஒன்று. சிவப்புப் பந்து, வெள்ளைப் பந்துகள், நடுவே குச்சிகள். தச்சு வேலை செய்யும் கணவன் குச்சிகளை உப்புத்தாளால் தேய்த்துக் கொடுக்கிறான். அவளுக்கு இருப்புக்கொள்ளவில்லை, போனைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறாள். தனிக்குடித்தனத்துக்குப் பார்த்து வைத்திருக்கும் வீட்டுக்காரம்மா இன்றைக்குள் முடிவு கேட்டிருக்கிறார். இவனானால் இன்னும் பிடிகொடுக்கவில்லை.

"ரெண்டும் தண்ணிதானே? ஆவிக்குச் சின்னக் குச்சி, ஐஸுக்கு மட்டும் ஏன் நீளக் குச்சி?" என்கிறான்.

"ஆவியில அது தனியா இருக்கு, உள்பிணைப்பு இறுக்கமா இருக்கும். ஐஸ்ல சுத்தி நாலு பேர் பிடிச்சு இழுக்கறாங்க. அதனால உள்ள இருக்கற பிணைப்பு துளி நீண்டுடும். அறுந்துடாது, நீளும், அவ்வளவுதான்."

அவன் தேய்ப்பதை நிறுத்துகிறான். "பெரியவனே, இந்தக் குழாயைக் கொஞ்சம் பாருடா!" என்று அடுப்படியிலிருந்து மாமியார் குரல். மாடியிலிருந்து கொழுந்தன், "அண்ணே!" கூடத்தில் மாமனார் செருமுகிறார். அவன் எழுந்திருக்க, மடியிலிருந்து மரத்தூள் உதிர்ந்து வெயிலில் மினுங்குகிறது. அதே நேரம் போன் அதிர்கிறது. மேசை நடுங்கி வெள்ளைப் பந்து ஒன்று உருண்டோடுகிறது. வீட்டுக்காரம்மாதான். அவள் எடுக்காமல் அவனையே பார்க்கிறாள். ஒரு கால் கூடத்தில், ஒரு கால் இங்கே என்று நிலைப்படியில் நிற்கிறான். "இதோ வரேம்மா" என்று அங்கே குரல் கொடுத்துவிட்டு, திரும்பாமலேயே இவளிடம் சொல்கிறான்:

"முதல்ல ஆவிக்குச் சின்னக் குச்சியை ஒட்டு."