மூங்கில் பூத்த அன்று

மூங்கில் பூத்ததைப் பார்த்ததும் அதன் இலையில் புள்ளி புள்ளியாய்ப் படர்ந்திருந்த இலைப்புள்ளிப் பூஞ்சை, “போச்சு!” என்று கத்தியது. பூத்த மூங்கில் பிழைப்பதில்லை. இலைப்புள்ளிக்கோ பச்சை இலையைத் தவிர வேறு சாப்பாடு கிடையாது.

“என்ன தம்பி, கத்துறே?” என்று தண்டுக்குள்ளிருந்து ஒரு குரல் கேட்டது.

“யாரு?”

“நானும் பூஞ்சைதான். செத்த மூங்கிலை மட்க வைக்கிறவன்.”

“அதுக்குள்ள மோப்பம் பிடிச்சு வந்துட்டீங்களாண்ணே?”

“இது குருத்தா இருந்தப்பவே குடிவந்துட்டேன். உயிரோட இருக்கிறவங்க வீட்டுல சாப்பாடு எப்பன்னு கேட்கலாமா? அதான் பேசாம இருந்தேன்.”

இலைப்புள்ளி அவசரமாகச் சொன்னது: “காத்து வரட்டும். நான் பக்கத்துப் புதருக்குப் போயிடுறேன்.”

“போயிட்டு வா. அங்கேயும் நேத்தே பூத்தாச்சு. தண்டுக்குள்ள எங்க சித்தப்பா இருப்பார், நான் விசாரிச்சதா சொல்லு.”