கம்சனாவிடம் ஒரு சின்ன உதவி

"இந்த மனுசன் இங்க என்ன செய்யுது?"

குமுதினிக்கு வந்த கோபத்தில் கையிலிருந்த ரோல்ஸ் தட்டே சரியப் பார்த்தது.

ஜேர்மனியில், ஸ்டுட்கார்ட்டுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன நகரம். சனிக்கிழமைச் சந்தை. சதுக்கத்தில் ஒரு பெரிய குடை, குடைக்குக் கீழ் ஒரு மேசை, மேசைக்குப் பின்னால் சிரித்த முகத்தோடு கம்சனா. குற்றம் செய்தவர்களுக்கு எதிராக, அரசாங்கத்தின் பக்கம் நின்று கோட்டில் வாதாடுகிற வழக்கறிஞர். இப்போது மாநிலப் பாராளுமன்றத்துக்குத் தேர்தலில் நிற்கிறாள். ஊரிலுள்ள தமிழ்ச்சனம் முழுக்க "எங்கட பிள்ளை, எங்கட பிள்ளை" என்று துள்ளுகிறது.

துள்ளட்டும், நல்ல விசயம்தானே. ஆனால் செல்வராசா ஏன் துள்ள வேண்டும்?

கோயில் வேலைக்குக் கூப்பிட்டால் முதுகுநோ என்று படுக்கிற மனுசன். அவர்தான் இன்றைக்குக் குடையை விரித்து, மேசையைத் துடைத்து, போகிற வருகிற வெள்ளைக்காரரை எல்லாம் மறித்துப் பாதி டொச்சிலும் பாதி தமிழிலும் துண்டுப்பிரசுரம் நீட்டிக்கொண்டு நிற்கிறார்.

"அக்கா, செல்வராசா அண்ணைக்கு ஏதோ வழக்காம்" என்று பக்கத்து வீட்டுப் பிரபாலினி போன கிழமைதான் காதுக்குள் போட்டவள். இனி விளங்காதா என்ன! சரியான காரியக்காரன்.

குமுதினியும் கம்சனாவிடம் ஒரு உதவி கேட்கத்தான் வந்திருந்தாள். அது வேறு கதை. அது பெத்த வயிறு பற்றி எரிகிற கதை.

மகன் ரஜிதன் வங்கியில் அவுஸ்பில்டுங் என்கிற தொழிற்பயிற்சியை முடிக்கப் போகிறான். முடித்த கையோடு அங்கேயே வேலை. அந்த நேரம் பார்த்துத்தானா இப்படி வரவேண்டும்? சுப்பர்மார்க்கெட் வாசலில் நின்ற காரை அவனுடைய கார் உரசிவிட்டு நிற்காமல் போனதென்று முறைப்பாடு. யாரோ ஒரு கிழவி நம்பரைக் குறித்துக் கொடுத்துவிட்டாள். வழக்கென்று வந்து தண்டனையும் விழுந்தால் வங்கிக்காரன் கதவைச் சாத்திவிடுவான்.

கம்சனா ஒரு சொல்லுச் சொன்னால் போதும், எல்லாம் அமுங்கிவிடும். அதற்குத்தானே விடிய எழும்பி இந்த ரோல்ஸ் பொரித்தது!

"பிள்ளை, உன்னோட கொஞ்சம் தனியக் கதைக்கோணும்."

"ஓம் அன்ரி. இந்த அம்மாவை அனுப்பிப்போட்டு வாறன், இருங்கோ." கம்சனா பஸ் வசதி பற்றிக் குறை சொல்லிக்கொண்டிருந்த ஒரு டொச்சு மனுசியின் பக்கம் திரும்பினாள்.

இருந்தால், பக்கத்தில் செல்வராசா! அதற்குள் ஒரு ரோல்ஸும் அவர் வாய்க்குள்.

"சோக்கா இருக்குது தங்கச்சி."

"உங்களுக்கெண்டு கொண்டரேல்லை அண்ணை."

அவர் குலுங்கிச் சிரித்தார். குமுதினிக்கு இனியும் பொறுக்க ஏலவில்லை.

"குறை நினையாதேங்கோ அண்ணை. உங்கட வழக்கைத் தூக்கிவிடச் சொல்லித்தானே இவ்வளவு பாடும்? பேப்பர்க்காரர் அறிஞ்சால் அந்தப் பிள்ளையின்ர பேரெல்லோ நாறும்?"

"என்ர வழக்கோ? அது போன வருசமே முடிஞ்சுது."

"ஓ! தூக்கிவிட்டவாவோ?"

"தூக்கினவா, தூக்கினவா! என்ர லைசன்ஸைத் தூக்கினவா."

குமுதினி திருதிருவென்று முழித்தாள்.

"கலியாண வீட்டில நல்லாப் போட்டுட்டுக் காரை எடுத்தனான், பொலிஸ் பிடிச்சிட்டுது. கோட்டுக்குப் போனால் எனக்கு எதிரா வாதாட வந்து நிக்கிறது கம்சனா! அப்பாடா, எங்கட பிள்ளையெல்லோ எண்டு, 'பிள்ளை, சுகமோ?' எண்டு கேட்டன். அவா ஆரோ தெரியாத ஆளுக்குச் சொல்லுறமாதிரி டொச்சில சொல்லுறா, 'ஹெர் செல்வராசா, கேட்டால் மட்டும் கதையுங்கோ' எண்டு. ஒரு வருசம் லைசன்ஸ் இல்லை. தண்டம் வேற."

"அப்ப அவாவில கோவம் இல்லையோ?"

"கோவமோ! வீட்ட வந்து மண் அள்ளித் தூத்தாத குறை. பிறகு ஒருநாள் பஸ்ஸுக்கு நிக்கேக்க, பள்ளிக்கூடம் விட்டுச் சின்னனுகள் றோட்டைக் கடக்குதுகள். அப்பதான் எனக்கு விளங்கிச்சுது. அண்டைக்கு என்னை விட்டிருந்தால், நான் திரும்பவும் குடிச்சிட்டுக் கார் ஓடியிருப்பன் தங்கச்சி. இப்ப தொடுறேல்லை."

துண்டுப்பிரசுரக் கட்டைத் தட்டி அடுக்கினார்.

"தமிழன் எண்டு பாத்து என்னை விடாத பிள்ளை, நாளைக்குப் பெரிய இடத்தில இருந்தால் ஒருத்தருக்கும் வளையாது. அதுதான் நிக்கிறன். எனக்கு வேற ஒண்டும் வேண்டாம்."

குமுதினிக்கு முகம் சுட்டது. இந்த மனுசனைப் போய் என்னவெல்லாம் நினைத்துவிட்டேன் என்று வெட்கமாக இருந்தது. காலையில் ரஜிதன், "நீங்கள் ஒண்டுக்கும் யோசியாதேங்கோ அம்மா, நான் பாத்துக்கொள்ளுறன்" என்று சொல்லிவிட்டுப் போனது வேறு நெஞ்சுக்குள் வந்து நின்றது.

கம்சனா சிரித்தபடி வந்தாள்.

"சொல்லுங்கோ அன்ரி. ரஜிதன்ர விசயமோ? கேள்விப்பட்டனான். கோவிக்காதேங்கோ, அதில நான் கை வைக்க ஏலாது."

"கை வைக்க வேண்டாம் பிள்ளை. எங்க போய்ச் சொல்லோணும் எண்டு மட்டும் சொல்லு." குமுதினி மூச்சை இழுத்து விட்டாள். "அண்டைக்கு அந்தக் காரை ஓடினது ரஜிதன் இல்லை. நான்."