கறுப்புத் துணி கட்டிய ஜாம்

"ஜாம் போட்டிக்கு நடுவரா? உன்னையா?" அக்கா லோரீன் விழுந்து விழுந்து சிரித்தாள். "நீ உள்ளே போய்ட்டு வந்தவன்னு ஊருக்கே தெரியுமே!"

வேட் சிரிக்கவில்லை.

அரசாங்கக் காட்டில் மரம் வெட்டி விற்றதற்கு இரண்டு வருஷம் ஜெயில். அங்கே சமையல்கட்டில் கற்றதை வைத்துப் போன மாதம்தான் சாப்பாட்டுக் கடை திறந்திருந்தான். ஊர் இன்னும் வாசலோடு எட்டிப் பார்த்துவிட்டுப் போகிறது.

மொன்டானா மலையடிவாரத்துக் கண்காட்சிக் கூடாரம். மேஜை நிறைய ஹக்கிள்பெரி என்ற காட்டுப்பழத்தின் ஜாம் பாட்டில்கள். எண் மட்டும்தான், பெயர் கிடையாது.

ஆனால் ஒரு பாட்டிலின் மூடியில் கறுப்புத் துணி. ஃபெடரல் நீதிபதி ஸ்டென்ருட் தன் பழைய அங்கியை வெட்டித்தான் மூடிக்குக் கட்டுவார் என்பது ஊரறிந்த சங்கதி. ஆயுள் பதவி அவருக்கு. முப்பது வருஷமாக ஜாமில் முதல் பரிசும் அவருக்கே.

வேட் ஜெயிலுக்குப் போனதும் அவர் தீர்ப்பால்தான்.

"பரிசு கொடுத்தா காக்கா பிடிக்கிறேம்பாங்க. கொடுக்கலைன்னா பழி வாங்கறேம்பாங்க" என்றான் வேட்.

"காக்காயே பிடி. கடையாவது ஓடும்" என்றாள் லோரீன்.

மற்றதையெல்லாம் ருசி பார்த்துவிட்டுக் கடைசியாகக் கறுப்புத் துணியை அவிழ்த்தான். ஒரு கரண்டி. கூடாரமே அவன் வாயைப் பார்த்தது.

"அடிப்பிடிச்சிருக்கு" என்றான் வேட். "அதை மறைக்கச் சர்க்கரையைக் கொட்டியிருக்கு. இதுக்குக் கடைசி இடம்."

"பாத்தியா, வஞ்சம் தீர்த்துட்டான்!" கூட்டத்தில் ஒரு குரல். "இவனை எவன்யா நடுவராப் போட்டது?"

"போச்சு. நாளைக்கே பூட்டு வாங்கிடலாம்" என்று லோரீன் முகத்தை மூடிக்கொண்டாள்.

நீதிபதி மெதுவாக நடந்து வந்தார். தன் ஜாமை ஒரு கரண்டி வாயில் போட்டார். முகம் கோணியது. பிறகு தொப்பை குலுங்கச் சிரித்தார்.

"எங்க வீட்டு நாய்கூட இதை மோந்து பாத்துட்டுப் போயிடும். முப்பது வருஷமா எல்லாரும் பல்லைக் கடிச்சிட்டு 'பிரமாதம்'னு பரிசு கொடுத்தீங்களே, உங்களை என்ன பண்ணலாம்?"

பழைய நடுவர்கள் கூடாரத்தின் கூரையைப் பார்த்தார்கள்.

"மத்தியானச் சாப்பாடு எல்லாருக்கும் வேட் கடையிலதான். வராதவங்க மேல கோர்ட் அவமதிப்பு!"

கூட்டம் கைதட்டியது. வேட் கரண்டியைப் பிடித்தபடியே நின்றான்.

"இவனை யார் போட்டதுன்னுதானே கேட்டீங்க? நான்தான் போடச் சொன்னேன்" என்றார் நீதிபதி. "அன்னிக்குக் கோர்ட்டுல இவனோட வக்கீல் சட்டத்துல ஓட்டை கண்டுபிடிச்சு, நான் இவனை விடுதலை பண்ணப் போற நேரம். இவன் எழுந்து, 'இல்லைங்க ஐயா, வெட்டினது நான்தான்'னான். எனக்கு உண்மை சொல்ல வேற யார் இருக்காங்க?"